காலையில் நடந்தவர் மதியத்தில் ஏன் எழ முடியவில்லை? பார்க்கின்சன் நோயாளியைப் பராமரிக்கும் ஒரு குடும்பத்துக்குப் பதில்

உங்கள் அப்பாவுக்கு வயது 71 என்றும், பார்க்கின்சன் நோய் என்று உறுதியாகி 8 ஆண்டுகள் ஆகின்றன என்றும் எழுதியிருக்கிறீர்கள். காலை 10 மணிக்குத் தானே எழுந்து குளித்துச் சட்டை மாட்டிக்கொள்பவர், பகல் 1 மணிக்கு நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை என்கிறார். அதைப் பார்த்து உங்கள் அம்மா, "வேண்டுமென்றே செய்கிறார்" என்று மனம் நொந்துபோகிறார். தொலைவில் வேலை பார்க்கும் பிள்ளைகள் மூவரும் தொலைபேசியில் ஆளுக்கொன்று சொல்ல, அதுவே வீட்டில் இன்னொரு சண்டையாக முடிகிறது. ஆண்டுக்கு ஆண்டு வளர்ந்துகொண்டே போகும் இந்த நோயோடு ஒரு குடும்பம் எப்படி வாழ்வது என்று கேட்கிறீர்கள்.

நான் இயன்முறை மருத்துவராக 20 ஆண்டுகளுக்கும் மேலாக இந்த நோயாளிகளோடும் அவர்களுடைய வீட்டாரோடும் பழகி வருகிறேன். "வேண்டுமென்றே" என்ற அந்தச் சொல்லைக் கேட்காத வீடு அரிது. அதைச் சொல்பவர்கள் கல்நெஞ்சர்கள் அல்லர்; இரவில் மூன்று முறை எழுந்து, பகலெல்லாம் தாங்கிப் பிடித்து, உடலும் மனமும் ஓய்ந்துபோனவர்களே அதைச் சொல்கிறார்கள். இருந்தாலும் உங்கள் வீட்டில் முதலில் மாற வேண்டியது அந்தச் சொல்தான் என்று கருதுகிறேன். உங்கள் அப்பாவின் உடல் இப்போது மருந்தின் கடிகாரப்படி இயங்குகிறது. அந்தக் கடிகாரத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட வீடுகளில் பாதிச் சண்டைகள் தாமாகவே ஓய்ந்துவிடுவதைக் கண்டிருக்கிறேன்.

ஏன் அப்படி என்பதைச் சற்று விளக்குகிறேன், ஏனெனில் காரணம் புரிந்தால்தான் கோபம் தணியும். 1817ஆம் ஆண்டு லண்டனில் ஜேம்ஸ் பார்க்கின்சன் என்ற மருத்துவர் ஆறு பேரின் நிலையை விவரித்து எழுதிய கட்டுரையிலிருந்து இந்த நோய்க்கு அவர் பெயர் வந்தது. ஆனால் மூளைக்குள் என்ன குறைகிறது என்பது 1960ஆம் ஆண்டில்தான் தெளிவானது. நடுமூளையில் கருநிறமாகத் தெரியும் ஒரு சிறு பகுதியின் நரம்பணுக்கள் டோப்பமின் என்ற வேதிப்பொருளைச் சுரக்கின்றன. நாம் நினைத்த அசைவு தடையின்றித் தொடங்கவும் சீராக நடக்கவும் அது வேண்டும். அந்த அணுக்கள் ஒவ்வொன்றாக அழிவதே இந்த நோய். டோப்பமினை மாத்திரையாகக் கொடுத்தால் அது மூளைக்குள் நுழையாது என்பதால், மூளைக்குள் சென்றபின் டோப்பமினாக மாறும் லீவோடோபாவைக் கொடுக்கிறார்கள். 1967ஆம் ஆண்டில் ஜார்ஜ் கோட்சியாஸ் என்ற மருத்துவர் அதைப் பெரிய அளவுகளில் கொடுத்து, முடங்கிக் கிடந்தவர்கள் எழுந்து நடப்பதைக் காட்டினார். இன்றும் முதன்மையான மருந்து அதுவே.

அந்த மருந்து இரத்தத்தில் நெடுநேரம் தங்குவதில்லை. ஏறத்தாழ ஒன்றரை மணி நேரத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். நோயின் தொடக்க ஆண்டுகளில், எஞ்சியிருக்கும் நரம்பணுக்கள் கிடைத்த டோப்பமினைச் சேமித்து வைத்துச் சிறிது சிறிதாகச் செலவிடுவதால், நாளுக்கு மூன்று வேளை மாத்திரை போட்டாலே நாள் முழுவதும் ஒரே சீராகப் போகும். எட்டு, பத்து ஆண்டுகள் கழித்து அந்தச் சேமிப்புக் கிடங்கே இல்லாமல் போகிறது. அப்போது இரத்தத்தில் மருந்து ஏறும்போது உடல் திறக்கிறது, இறங்கும்போது பூட்டிக்கொள்கிறது. 10 மணிக்குச் சட்டைப் பொத்தானைத் தானே போட்டவர் 1 மணிக்கு எழ முடியாமல் உட்கார்ந்திருப்பதற்கு இதுவே காரணம். இரண்டுமே உண்மையானவை, ஒன்றை வைத்து இன்னொன்றைப் பொய் என்று சொல்ல முடியாது.

ஆகவே நான் சொல்லும் முதல் வேலை எளிது: ஒரு நோட்டுப் புத்தகம் வாங்குங்கள். ஒரு வாரம் முழுவதும், மாத்திரை விழுங்கிய நேரம், சாப்பிட்ட நேரம், உடல் நன்றாக இயங்கிய நேரம், இறுகிப்போன நேரம், கைகால்கள் தன்னிச்சையாக ஆடிய நேரம் ஆகியவற்றைக் குறித்து வாருங்கள். என்னிடம் வந்த ஓர் அம்மையார் கோடு போட்ட பழைய நோட்டில் இதைச் செய்தார். அவர் அதிகம் படித்தவர் அல்லர். நன்றாக இருந்த நேரத்துக்கு ஒரு வட்டமும், இறுகிய நேரத்துக்கு ஒரு பெருக்கல் குறியும் மட்டுமே போட்டிருந்தார். ஆறாம் நாள் பக்கத்தைப் புரட்டும்போது அவருக்கே தெரிந்துவிட்டது: மாத்திரையைப் பாலோடு கொடுத்த நாள்களில் அந்த வேளை முழுவதும் பெருக்கல் குறி, வெறும் தண்ணீரோடு கொடுத்த நாள்களில் வட்டம். நரம்பியல் மருத்துவர் அந்த நோட்டை வாங்கிப் பார்த்து, மருந்தின் மொத்த அளவைக் கூட்டாமல், நேரங்களை மட்டும் மாற்றி எழுதிக் கொடுத்தார். "எப்படி இருக்கிறார்?" என்ற கேள்விக்கு "அப்படியேதான் இருக்கிறார்" என்று பதில் சொல்லித் திரும்பியிருந்தால் அது நடந்திருக்காது.

பாலில் என்ன கோளாறு என்று கேட்பீர்கள். லீவோடோபா குடலிலிருந்து இரத்தத்துக்கும், இரத்தத்திலிருந்து மூளைக்கும் போகும் வழி, புரதம் செரித்து வரும் அமினோ அமிலங்கள் போகும் அதே வழிதான். இரண்டும் ஒரே நேரத்தில் வந்தால் வாசலில் நெரிசல் ஏற்பட்டு மருந்து பின்தங்கிவிடும். அதனால் பொதுவாக உணவுக்கு அரை மணி நேரம் முன்போ, ஒரு மணி நேரம் பின்போ மாத்திரை கொடுப்பது நல்லது. இரும்புச்சத்து மாத்திரையையும் இதோடு சேர்த்துக் கொடுக்கக் கூடாது. இதைக் கேட்டுவிட்டுப் புரதத்தையே நிறுத்திவிடும் வீடுகளும் உண்டு. அது தவறு, ஏற்கெனவே மெலிந்துவரும் உடல் இன்னும் தேய்ந்துவிடும். புரதத்தைக் குறைப்பதைவிட அதன் நேரத்தை மாற்றுவதே வழி. மலச்சிக்கலையும் சின்ன விஷயமாக எண்ணாதீர்கள். இந்த நோயில் வயிறும் குடலும்கூட மெதுவாகின்றன. இரைப்பையிலேயே தங்கிவிட்ட மாத்திரை வேலை செய்யாது. மருந்தின் அளவையும் வேளைகளையும் மாற்றுவது மருத்துவரின் பொறுப்பு. சொன்ன நிமிடத்தில் கொடுப்பது வீட்டாரின் பொறுப்பு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். வேறு ஏதாவது காரணத்துக்காக உங்கள் அப்பா மருத்துவமனையில் சேர நேர்ந்தால், அங்குள்ள மருந்து வேளைகள் அவருடைய உடலுக்கு ஒத்துவராமல் போகலாம். மாத்திரையின் பெயர், அளவு, மணி, நிமிடம் எல்லாவற்றையும் ஒரு தாளில் தெளிவாக எழுதி, அவர் சேர்க்கப்பட்ட உடனேயே செவிலியரிடமும் மருத்துவரிடமும் கொடுங்கள். லீவோடோபாவைத் திடீரென நிறுத்துவது ஆபத்தானது. கடும் காய்ச்சல், உடல் விறைப்பு, நினைவு தடுமாற்றம் என உயிருக்கே உலை வைக்கும் நிலை உண்டாகலாம். வாந்திக்குக் கொடுக்கும் மெட்டோகுளோபிரமைடு, மனக் கொந்தளிப்புக்குக் கொடுக்கும் ஹாலோபெரிடால் போன்ற மருந்துகள் டோப்பமினின் வேலையைத் தடுப்பவை என்பதால், அவற்றின் பெயர்களையும் அதே தாளில் "கொடுக்கக் கூடாதவை" என்று எழுதி வையுங்கள்.

நடக்கும்போது கால் தரையில் ஒட்டிக்கொண்டதுபோல நின்றுவிடுவதைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். வாசற்படி, குறுகலான இடம், திரும்பும் இடம் ஆகிய மூன்றிலும்தான் இது அதிகம் நேரும். அப்போது வீட்டார் எல்லாருக்கும் தோன்றுவது கையைப் பிடித்து இழுப்பதுதான். இழுத்தால் மேல்உடல் முன்னால் வரும், பாதம் பின்னாலேயே நிற்கும். அவர் முகம் குப்புற விழுவார். ஒரு முறை ஒரு வீட்டின் அறைவாசலில் இப்படி நின்றுவிட்டவரை அவர் மனைவி இழுக்கவில்லை. பக்கத்தில் போய் நின்று, தன் பாதத்தை அவருடைய பாதத்துக்கு முன்னால் குறுக்காக வைத்து, "இதைத் தாண்டுங்கள்" என்று மட்டும் சொன்னார். இரண்டு நிமிடமாக அசையாத கால் உடனே உயர்ந்து தாண்டியது. தன்போக்கில் நடக்கும் வழி அடைபட்டாலும், கண் பார்த்துத் தாண்டும் வழி மூளையில் திறந்தே இருக்கிறது. தரையில் ஓர் அடி இடைவெளியில் ஒட்டிய நிறநாடாக்கள், "ஒன்று, இரண்டு" என்ற தாளம் ஆகியவை வேலை செய்வதும் இதனால்தான். அவர் நடக்கும்போது பேச்சுக் கொடுக்காதீர்கள். இரண்டு வேலையை ஒரே நேரத்தில் செய்யும் திறன் குறைந்திருக்கிறது. படுக்கையிலிருந்து எழுந்தவுடன் இரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதும் விழுவதற்கு ஒரு காரணம். சற்று நேரம் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டு எழுவது பல விழுதல்களைத் தவிர்க்கும்.

உங்கள் அம்மாவை உண்மையில் வருத்துவது அப்பாவின் நடையைவிட முகமாகத்தான் இருக்கும் என்று ஊகிக்கிறேன். முகத்தின் சிறுதசைகளும் இந்த நோயில் இறுகுவதால், மகிழ்ச்சியும் நன்றியும் வருத்தமும் உள்ளே இருந்தும் வெளியே தெரிவதில்லை; கண் சிமிட்டுவதுகூடக் குறைந்துவிடுகிறது. 40 ஆண்டுகள் ஒரு முகத்தைப் பார்த்தே மனத்தைப் படித்த மனைவிக்கு, அந்த முகம் ஒன்றும் சொல்லாமல் போவது எவ்வளவு பெரிய இழப்பு! "எவ்வளவு செய்தாலும் முகத்தில் ஒரு சலனமும் இல்லை" என்று அவர் சொன்னால் அது பொய்யான குறை ஆகாது. முகத்தை நம்பாமல் வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ளும் வழக்கத்தை மூவரும் இப்போதே தொடங்குங்கள். அவர் குரலும் தணிந்திருக்கும். தமக்கு அது போதிய சத்தமாகவே கேட்பதால், தாம் மெதுவாகப் பேசுவதை அவர் உணர்வதில்லை. பேச்சுப் பயிற்சியாளரிடம் வாரம் 4 நாள் வீதம் 4 வாரம் எடுக்கும், உரத்த குரலையே மையமாகக் கொண்ட ஒரு பயிற்சி முறை பலருக்குப் பலன் தருகிறது. அதை நோய் முற்றியபின் தொடங்குவதைவிட இப்போது தொடங்குவது மேல்.

வெளியில் சொல்லக் கூச்சப்படும் சில மாற்றங்களும் உண்டு. டோப்பமினைப் போலவே வேலை செய்யும் பிரமிபெக்சோல், ரோப்பினிரோல் வகை மாத்திரைகள் சிலருக்குச் சூதாட்டம், தேவையற்ற பொருள்களை வாங்கிக் குவித்தல், கட்டுக்கடங்காத பாலுணர்வு ஆகியவற்றைத் தூண்டும். மானத்துக்கு அஞ்சி இதை மறைத்த குடும்பங்கள் பெரும் கடனில் விழுந்ததைப் பார்த்திருக்கிறேன். இது குணக்கேடு அன்று, மருந்தின் பக்கவிளைவு. மருத்துவரிடம் சொன்னால் மருந்தை மெல்லக் குறைத்து மாற்றுவார். இல்லாத குழந்தைகளும் விலங்குகளும் அறையில் இருப்பதுபோலத் தெரிவது, உறக்கத்தில் கனவுக்கேற்பக் கைகாலை வீசுவது, எதிலும் நாட்டமில்லாமல் இருப்பது ஆகியவையும் நோயின் பகுதிகளே. கனவில் வீசிய கை பக்கத்தில் படுத்திருக்கும் அம்மாவின் மேல் படும் என்றால், தனிக் கட்டில் போடுவதில் குற்ற உணர்வு வேண்டாம். ஓரிரு நாளில் திடீரென்று குழப்பம் மிகுந்தால், நோய் முற்றிவிட்டது என்று முடிவுகட்டாமல் சிறுநீர்த் தொற்று, நீர்ச்சத்துக் குறைவு ஆகியவை இருக்கின்றனவா என்று முதலில் சோதிக்கச் சொல்லுங்கள். அறிவும் புலன்களும் பழுதடைவதில்லை என்றுதான் ஜேம்ஸ் பார்க்கின்சன் எழுதினார். நோயோடு நெடுங்காலம் வாழ்வோரில் பலருக்கு நினைவாற்றலும் பாதிக்கப்படுகிறது என்பதை இன்று அறிவோம்.

விழுங்குவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் முக்கியமாக எடுத்துக்கொள்ளுங்கள். நோய் முற்றிய நிலையில் உயிரைப் பறிப்பவற்றில் முதன்மையானது, உணவோ உமிழ்நீரோ மூச்சுக்குழாய்க்குள் சென்று ஏற்படும் நிமோனியா. தண்ணீர் குடிக்கும்போது இருமல், சாப்பிட்டபின் குரல் ஈரமாகக் கேட்பது, ஒரு வேளை உணவுக்கு ஒரு மணி நேரம் ஆவது ஆகியவை தொடக்க அடையாளங்கள். நிமிர்ந்து உட்காரவைத்து, மருந்து நன்றாக வேலை செய்யும் நேரத்தில், சிறு சிறு வாயாகக் கொடுங்கள். தலையைப் பின்னால் சாய்த்து ஊற்றாதீர்கள். உண்டபின் அரை மணி நேரமாவது படுக்க விடாதீர்கள்.

இனி உங்கள் அம்மாவைப் பற்றி. உங்கள் கடிதத்தில் அப்பாவின் மாத்திரைகள் எல்லாவற்றின் பெயரும் இருந்தன. அம்மாவுக்கு என்ன வயது, அவருக்கு என்ன நோய் இருக்கிறது, கடைசியாக எப்போது இரவு முழுவதும் தூங்கினார் என்பது ஒரு வரிகூட இல்லை. உங்கள்மேல் பழி சொல்வதற்காக இதை எழுதவில்லை. எல்லாக் குடும்பமும் அப்படித்தான் எழுதுகிறது. 1999ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, 66 வயதைக் கடந்த தம்பதியரை 4 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தது. நோயுற்ற துணையைப் பராமரித்து, அதன் அழுத்தத்தையும் உணர்ந்தவர்களுக்கு இறக்கும் வாய்ப்பு, அப்படிப்பட்ட பொறுப்பு இல்லாதவர்களைவிட 63 விழுக்காடு கூடுதலாக இருந்தது. அந்த ஆய்வில் நான் திரும்பத் திரும்பச் சுட்டிக்காட்டுவது இன்னொரு செய்தி: பராமரித்தும் அழுத்தத்தை உணராதவர்களிடம் அந்த உயர்வு காணப்படவில்லை. பராமரிப்பது ஆளைக் கொல்வதில்லை; தனியாக, இடைவெளியே இல்லாமல், யாரும் கேட்காமல் பராமரிப்பதுதான் கொல்கிறது.

அதனால் பிள்ளைகள் மூவரும் யோசனை சொல்வதை நிறுத்தி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள். தொலைவிலிருந்து செய்யக்கூடியவை நிறைய இருக்கின்றன: மருந்து தீர்வதற்கு முன் வாங்கி அனுப்புவது, மருத்துவரைப் பார்க்கும் நாளை உறுதிசெய்வது, காப்பீட்டுத் தாள்களைக் கவனிப்பது, அந்த நோட்டின் பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லித் தொகுப்பது. ஒவ்வொன்றுக்கும் ஒருவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "எல்லாரும் பார்த்துக்கொள்வோம்" என்றால் அம்மாதான் பார்த்துக்கொள்வார். வாரத்தில் குறிப்பிட்ட அரை நாள், அவர் வீட்டைவிட்டு வெளியே போக வேண்டும். அந்த நேரத்துக்குச் சம்பளத்துக்கு ஆள் வைப்பதானால் அந்தச் செலவை மூவரும் பகிர்ந்துகொள்ளுங்கள். அவர் மறுப்பார். "என்னைத் தவிர வேறு யாருக்கும் அவர் கை பழகாது" என்பார். புதியவரை அவர் பக்கத்தில் இருக்கும்போதே சில நாள் வரவழைத்து, அந்த நோட்டைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். பிறகு வெளியே போகச் சொல்லுங்கள். விடுமுறைக்கு வரும் பிள்ளை, அப்பாவை இரண்டு நல்ல மணி நேரம் பார்த்துவிட்டு "நன்றாகத்தானே இருக்கிறார்" என்று சொல்லிப் போவதைப் போல அம்மாவைத் தனிமைப்படுத்துவது வேறில்லை. ஓர் இரவு அப்பாவின் அறையில் நீங்கள் படுங்கள். புரண்டு படுக்க முடியாமல் அவர் கூப்பிடும் ஒவ்வொரு முறையும் நீங்கள் எழுந்திருங்கள்.

மூளைக்குள் மின்முனை பொருத்தும் அறுவைச் சிகிச்சையைப் பற்றி உங்கள் அண்ணன் விசாரித்து வருவதாகச் சொன்னீர்கள். 1980களின் இறுதியில் பிரான்சில் தொடங்கிய அந்தச் சிகிச்சை, தக்க நோயாளிகளுக்கு மெய்யாகவே நல்ல பலன் தருவது. பொதுவாக, லீவோடோபா எதைச் சரிசெய்கிறதோ அதையே அதுவும் சரிசெய்யும். மருந்து உச்சத்தில் இருக்கும்போதும் நீங்காத தள்ளாட்டத்தையும் நினைவுக் குறைவையும் அது மாற்றாது. பேச்சு சிலருக்கு இன்னும் கெடவும் கூடும். நரம்பியல் மருத்துவரிடம் அந்த நோட்டைக் காட்டிக் கேளுங்கள். அப்பா தகுந்தவரா என்பதை அவர் சொல்வார்.

கடைசியாக, யாரும் தொடங்க விரும்பாத ஒரு பேச்சு. விழுங்க முடியாமல் போனால் குழாய் வழியே உணவு வேண்டுமா, மூச்சுக் கருவி வேண்டுமா, கடைசிவரை வீட்டிலேயே இருக்க விரும்புகிறாரா, அவரால் சொல்ல முடியாத நாளில் யார் அவருக்காகச் சொல்ல வேண்டும் என்பதையெல்லாம் உங்கள் அப்பாவிடமே கேட்க வேண்டும். தள்ளிப்போட்ட குடும்பங்கள் பிறகு மருத்துவமனை வராந்தாவில் நின்று ஒருவரோடொருவர் வாதிட்டதை நான் பார்த்திருக்கிறேன். அவரவர் அன்பே அவரவர் வாதமாக இருந்தது, கேட்க வேண்டியவரின் குரல் மட்டும் அங்கு இல்லை. அந்த நோட்டில் வட்டங்கள் தொடர்ந்து விழுந்திருக்கும் நேரம் எது என்று பாருங்கள். அந்த நேரத்தில், தொலைக்காட்சியை அணைத்துவிட்டு, அம்மாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள். அவர் முகம் அசையாது. பதில் வரப் பத்து விநாடியோ இருபது விநாடியோ ஆகலாம். அந்த இடைவெளியில் வேறு யாரும் அவருக்காகப் பேசாமல் காத்திருங்கள்.